மெட்டில்டா அக்காவின் கிட்டார் இரைச்சல்

சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு மெட்டில்டா அக்கா தன் கைப்பேசியை அணைத்துவிடுவார். அணைக்காவிட்டால், அழைப்பு வருவதற்கு ஒரு நொடி முன்னாலேயே அவருடைய கிட்டாரின் பிக்கப் அதைப் பிடித்து ஸ்பீக்கரில் கடகடவென்று துப்பும். எடுத்துக்கொண்டிருந்த பதிவு வீணாகும். அதனால் மூன்றிலிருந்து ஐந்து வரை அக்காவை யாரும் பிடிக்க முடியாது. இது அவர் கணவருக்குத் தெரியும், அலுவலகத்துக்குத் தெரியும், அவர்கள் வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கிற எனக்கும் தெரியும். போன வருஷம் சித்திரையில் ஒரு சனிக்கிழமை, அந்த அணைந்த கைப்பேசிக்கு நான் பதினேழு தடவை அடித்தேன்.

அக்கா எங்கள் துறைமுக நகரத்தின் மீனவர் பகுதியான திரேஸ்புரத்தில் பிறந்தவர். அப்பா சங்கு குளிக்கப் போனவர். பிளஸ் டூ முடித்து, டைப்ரைட்டிங் முடித்து, பத்தொன்பது வயதில் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் சேர்ந்தார். இன்றைக்கு நாற்பத்தாறு வயது. அதே ஏஜென்சி, அதே மேசை. அப்போதெல்லாம் கையெழுத்து வாங்கக் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு கப்பலுக்கே ஏறுவாராம். அப்படி ஒரு கப்பலில், வேலையை விட்டுப் போகவிருந்த வயதான சமையல்காரர் ஒருவர் தன் எலக்ட்ரிக் கிட்டாரை அக்காவிடம் கொடுத்துவிட்டார். பதிலுக்கு அவர் வாங்கிக்கொண்டது எங்கள் ஊர் முந்திரி இனிப்பான மக்ரூன், இரண்டு கிலோ. கூடவே ஒரு கேசட்டும் தந்திருக்கிறார். அதுவரை மாதா கோவில் பாடகர் குழுவில் கிட்டார் தட்டிக்கொண்டிருந்த அக்கா, அந்தக் கேசட்டில்தான் முதன்முதலாக ப்ளூஸ் என்கிற அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையைக் கேட்டார்.

"ஒப்பாரின்னு நெனைச்சியா? அது கெடையாது. அழுது முடிச்சு, மூஞ்சக் கழுவிட்டு வந்து ஒருத்தி பேசுவால்லா, அந்தச் சத்தம்" என்பார்.

அந்தச் சத்தத்தை வீட்டில் பிடிப்பதுதான் இருபது வருஷமாக அக்காவின் சோலி. கிட்டார் அறுபதுகளில் ஜப்பானில் செய்தது. பிக்கப் என்பது கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றுகிற காந்தச் சுருள். தலைமுடியை விட மெல்லிய செம்புக் கம்பியை ஒரு காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கில் சுற்றியிருப்பார்கள். இந்தக் கிட்டாரில் காந்தம் வலுக்குறைந்தது. மேலே தங்கநிறத் தாள் ஒட்டிய தகரமூடி. புதுப் பிக்கப் கத்தும், இது பேசும். இன்னும் மெதுவாகப் பேசட்டும் என்று இரண்டு நாணயங்களின் கனத்துக்கு அதைக் கம்பியை விட்டுக் கீழே இறக்கி வைத்திருந்தார். கம்பியை மாற்றவே மாட்டார். பழைய கம்பியின் மங்கலான சத்தத்துக்கு மற்ற ஊர்க்காரர்கள் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எங்கள் உப்புக் காற்றுக்கு மூன்று வாரம் போதும்.

ஆம்ப்ளிஃபயர் வால்வு போட்ட பழையது. மைக்செட்காரர் ஒருவர் மூலையில் போட்டிருந்ததை வாங்கி வந்து ஓட்டினார். குசினிக்குப் பின்னால் உள்ள சின்ன அறைதான் ஸ்டூடியோ. ஜன்னல்களில் சாக்கை நனைத்துத் தொங்கவிடுவார். வெயிலும் அடங்கும், தெருச் சத்தமும் அடங்கும். ஃபேன் கூடாது. தரையைத் தண்ணீர் விட்டுத் துடைத்து, வெறுங்காலோடு நின்று வாசிப்பார்.

எல்லாம் சரியாக வந்தது, இரைச்சல் ஒன்றைத் தவிர. லேப்டாப்பை இணைத்ததும் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஒன்று பின்னாலேயே நிற்கும். வாசிப்பு நிற்கிற இடத்திலெல்லாம் அது முன்னால் வரும்.

அந்தச் சனிக்கிழமைக்கு ஆறு நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை, அக்கா மாடிப்படியில் நின்று கூப்பிட்டார்.

"ஏலே தம்பி, நீ கரண்டுக்குத்தான படிச்ச? இதுக்கு ஒரு வழி சொல்லு."

நான் பி.இ. எலக்ட்ரிக்கல். வேம்பாருக்கு மேற்கே எங்கள் ஊரில், எங்கள் வீட்டில், பட்டம் வாங்கிய முதல் ஆள். என் சான்றிதழைச் சட்டம் போட்டு அம்மா சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறாள். அப்படிப்பட்டவனிடம் கேட்டால் தெரியாது என்று சொல்ல வாய் வருமா?

பத்து நிமிஷத்தில் கண்டுபிடித்தேன். ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு எர்த், லேப்டாப் சார்ஜருக்கு ஒரு எர்த். இரண்டும், நடுவில் சேர்க்கிற வயரோடு ஒரு வளையமாகி, அதற்குள் இரைச்சல் சுற்றிக்கொண்டிருந்தது. ஒன்றைத் துண்டித்தால் வளையம் உடையும். ஆம்ப்ளிஃபயரின் த்ரீ பின் பிளக்கைத் திறந்து பச்சை வயரைக் கழற்றி, நுனியில் டேப் சுற்றி உள்ளேயே மடக்கி வைத்தேன்.

இரைச்சல் செத்துப்போனது. அக்கா ஒரே ஒரு கம்பியைத் தட்டிவிட்டு, அது கரைந்து முடிகிற வரை கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"கடல் அடங்குன மாதிரி இருக்குடா."

அவர் கணவர் தேவபிரசாதம் அண்ணன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நாசரேத்துக்காரர், துறைமுகத்தில் கப்பலை இழுக்கும் டக் படகில் எஞ்சின் பார்க்கிறார். அதிகம் பேசமாட்டார். அன்று பேசினார்.

"அந்தப் பச்ச வயரச் சும்மாவா தம்பி போட்டுருப்பான்?"

"அண்ணே, நாலு வருசம் இதத்தான் படிச்சேன்" என்றேன்.

"அப்ப சரி" என்று உள்ளே போய்விட்டார். ராத்திரி எனக்கு மாடிக்குப் பொரித்த சீலா மீன் வந்தது.

அந்தச் சனிக்கிழமை காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது அக்கா படியடியில் சாக்கை நனைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னைக்குப் பாட்டும் கிட்டாரும் ஒரே மைக்குல ஒண்ணா எடுக்கப் போறேன். ஆம்ப்ளிஃபயர்லருந்து லேப்டாப்புக்கு வயரே கெடையாது."

அதுவரை கிட்டாரைத் தனியாக எடுப்பார், பாட்டைப் பிறகு சேர்ப்பார்.

"ஏங்க்கா, தனித்தனியா எடுத்தா நல்லாத்தான இருக்கு?"

"அந்தக் காலத்துல அப்படியா எடுத்தான்? மைக்க வாயில ஒட்டி வச்சு ஒரே மூச்சுல பாடிருக்கான். அப்படி எடுத்தாத்தான் அந்தக் குரல் வரும். நீதான் இரைச்சல நிறுத்திட்டியே, இனி என்ன."

நான் சிரித்துக்கொண்டே பைக்கை எடுத்தேன்.

நான் வேலை பார்ப்பது நகருக்குத் தெற்கே ஓர் உப்பு ஆலையின் பராமரிப்புப் பிரிவில். மதியம் இரண்டரை மணிக்கு எங்கள் சூப்பர்வைசர் பாண்டியராஜன் அண்ணாச்சி கத்துவது கேட்டது. உப்புநீர் பம்ப் ஒன்றின் எர்த் பட்டையை யாரோ கழற்றிப் போட்டிருந்தார்கள்.

"எவம்லே இதக் கழத்துனது?"

"எடஞ்சலா இருந்துச்சு அண்ணாச்சி. ரெண்டு நாளா இப்படித்தான் ஓடுது. ஷாக் ஒண்ணும் அடிக்கலல்லா" என்றார் ஒரு ஆபரேட்டர்.

"அடிக்கலன்னா என்ன அர்த்தம்? நீ இன்னும் ரெண்டு எடத்த ஒண்ணாத் தொடலன்னு அர்த்தம்."

சம்பவப் பதிவேட்டை என்னிடம் நீட்டினார். 'எர்த் இணைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது' என்று எழுதினேன். அடுத்த வரி: 'ஒரே நேரத்தில் இயந்திரத்தையும் எர்த் உள்ள வேறு பொருளையும் தொட நேர்ந்தால்'. அந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது.

ஒரு கையில் கிட்டார். கிட்டாரின் கம்பி ஆம்ப்ளிஃபயரின் உடம்போடு சேர்ந்தது. அந்த உடம்புக்கு இப்போது எர்த் கிடையாது, லேப்டாப்புக்குப் போகிற வயர்கூட இன்றைக்கு இல்லை. வாயில் மைக். மைக் லேப்டாப்போடு சேர்ந்தது, லேப்டாப்புக்கு எர்த் உண்டு. இரண்டையும் இன்றைக்குத்தான் முதல்முறையாக ஒன்றாகத் தொடப்போகிறார்.

கைப்பேசியை எடுத்தேன். மணி இரண்டு ஐம்பத்தைந்து. மூன்று மணிக்குத்தானே அணைப்பார் என்று அடித்தேன். அணைத்திருந்தார். அன்று ஐந்து நிமிஷம் முன்னாலேயே தயாராகிவிட்டார் போல. தேவபிரசாதம் அண்ணனுக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. எஞ்சின் சத்தத்தில் அது அவர் காதில் விழாது.

பதிவேட்டைத் திறந்தபடியே போட்டுவிட்டு பைக்கை எடுத்தேன். அண்ணாச்சி பின்னால் ஏதோ கேட்டார்.

துறைமுகச் சாலையில் நிலக்கரி லாரிகள் வரிசையாக நின்றன. இடது ஓரத்தில் புகுந்து, மண்ணில் இறங்கி, மறுபடி ஏறினேன். தலைக்குள் படித்ததெல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. பரீட்சைக்குக்கூட அப்படி வந்ததில்லை. பழைய டிரான்ஸ்ஃபார்மர், உப்புக் காற்று பட்ட காப்பு, சூடேறச் சூடேறக் கசிவு கூடும். முதல் பாட்டில் சும்மா இருப்பது மூன்றாவது பாட்டில் சும்மா இருக்காது. ஈரத் தரை. வெறுங்கால். வியர்வை. கசிவு கண்டால் தானே விழுகிற பிரேக்கர் அந்த வீட்டில் கிடையாது. கம்பியைப் பிடித்த விரல்கள் மின்சாரம் பட்டால் இன்னும் இறுகும், விடவே வராது. இதெல்லாம் ஞாயிற்றுக்கிழமையும் எனக்குத் தெரிந்ததுதான். ஞாயிற்றுக்கிழமை எனக்கு இரைச்சல் மட்டும்தான் காதில் விழுந்தது.

ஒவ்வொரு சிக்னலிலும் அடித்தேன். ஒவ்வொரு தடவையும் அதே பெண் குரல், நீங்கள் அழைக்கும் எண் அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்றது. அண்ணன் முகம் வந்தது. 'அப்ப சரி' என்று உள்ளே போன முதுகு வந்தது. அந்த முதுகிடம் போய் நான் என்ன சொல்வேன்?

தெருவுக்குள் திரும்பும்போது மூன்று நாற்பது. எஞ்சினை அணைத்தேன். கிட்டார் கேட்டது. உயிரோடு இருக்கிறார். பாட்டும் கேட்டது, நனைந்த சாக்குக்கு அந்தப் பக்கத்திலிருந்து. கேட்டை ஆட்டினேன், உள்ளே பூட்டு. "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டேன். தெருச் சத்தம் உள்ளே போகாதபடி அக்காதான் எல்லாவற்றையும் அடைத்திருந்தாரே.

பாட்டு நடுவில் நின்றது. வரி முடியவில்லை, கம்பியின் சத்தமும் கரையவில்லை, சட்டென்று நின்றது.

சுவரில் கால் வைத்து ஏறி உள்ளே குதித்தேன். பதறிப்போய்க் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கவில்லை. அது ஒன்றுதான் அன்று நான் சரியாகச் செய்தது. மீட்டர் பெட்டியைத் திறந்து மெயினை இழுத்துவிட்டேன்.

வீடு முழுக்க அமைதி. பக்கத்து வீட்டு மாவரைக்கிற சத்தம் மட்டும் கேட்டது. பத்துவரை எண்ணியிருப்பேன். அவ்வளவு நேரமும் நான் உள்ளே போகவில்லை. போய்ப் பார்க்கப் பயம்.

"எவம்லே அது, ஃப்யூஸ்ல கை வச்சது?"

அக்கா பின்வாசலில் வந்து நின்றார். கழுத்தில் கிட்டார் தொங்கியது.

"நல்லா வந்துட்டு இருந்துச்சுடா. ரெண்டு தடவ சொதப்பி மூணாவது தடவ இப்பதான்..." என்றவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். "என்னலே, ஊர்ல யாருக்கும் என்னவும் ஆயிட்டா?"

"கிட்டாரக் கழத்துங்கக்கா. கீழ வைங்க. மொதல்ல வைங்க."

வைத்தார். நான் அவரைத் தொடவிடாமல் மெயினைப் போட்டேன். டெஸ்டரைக் கிட்டார் கம்பியில் வைத்தேன். அதற்குள் இருக்கிற சின்ன பல்பு சிவப்பாக எரிந்தது. மல்டிமீட்டரை எடுத்து வந்து கம்பிக்கும் மைக்குக்கும் நடுவில் வைத்தேன். நூற்று முப்பது வோல்ட்டைத் தாண்டிக் காட்டியது.

அப்போதுதான் மைக்கைப் பார்த்தேன். அதன் தலையில் ஒரு சாம்பல் நிறச் சாக்ஸ் மாட்டியிருந்தது.

"மொதத் தடவ பாடும்போது ஒதட்டுல சுள்ளுன்னு கடிச்சுச்சு" என்றார் அக்கா. "பழைய மைக்குதான, தகரம் கிழிஞ்சு குத்துதுன்னு நெனைச்சேன். அவரு சாக்ஸு கொடியில கெடந்துச்சு, மாட்டிக்கிட்டேன்."

"இப்ப ஏன்க்கா நடுவுல நிறுத்துனிய?"

அக்கா டெஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாக்ஸு போட்டதுல குரல் அமுங்கிப் போச்சு. கம்பிய ஒரு கையால அமுக்கிப் பிடிச்சிக்கிட்டு, இந்தக் கையால அதக் கழத்தப் போனேன். அதுக்குள்ள கரண்டு போயிட்டு."

பிறகு நான் எல்லாவற்றையும் சொன்னேன். பச்சை வயரைச் சொன்னேன், வளையத்தைச் சொன்னேன், அண்ணன் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதிலையும் சொன்னேன். அக்கா என்னைத் திட்டவில்லை. குசினிக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு, அங்கேயே கீழே உட்கார்ந்துவிட்டார்.

அண்ணன் ஆறு மணிக்கு வந்தார். அவரிடமும் நானே சொன்னேன். கேட்டுவிட்டு அறைக்குள் போனார், மைக்கிலிருந்து சாக்ஸை உருவினார், விரலால் அழுத்திப் பார்த்தார். மூச்சுப் பட்டுப் பட்டு அது நசநசவென்று ஈரமாகியிருந்தது.

"இந்தச் சாக்ஸுதான் கரண்டத் தடுத்திருக்கு. இன்னும் ரெண்டு பாட்டுக்குத் தாங்கிருக்காது" என்றார். என்னைப் பார்க்காமல், "ஒரு ஸ்க்ரூ டிரைவர் கொண்டா" என்றார். பிளக்கைத் திறந்து அவரே பச்சை வயரை மாட்டினார். என்னை அவர் அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு அன்று தூக்கமாவது வந்திருக்கும்.

அடுத்த வாரம் டிரான்ஸ்ஃபார்மரை மாற்றினோம். கசிவுக்கு விழுகிற பிரேக்கரும் போட்டோம். பச்சை வயரோடு இரைச்சலும் திரும்பி வந்தது. ஆம்ப்ளிஃபயரையும் லேப்டாப்பையும் ஒரே பிளக் பெட்டியிலிருந்து எடுத்ததில் பாதி குறைந்தது. மீதியை அக்கா விட்டுவிடச் சொன்னார்.

"அது கேக்கட்டும். அது கேட்டாத்தான் எனக்கு வாசிக்கத் தைரியம் வருது."

ஒரு மாதம் கழித்து அந்தப் பாட்டை ஒரே மூச்சில் எடுத்தார். ஆரம்பிக்கும் முன் என்னைக் கீழே கூப்பிட்டார். டெஸ்டரை ஆறு கம்பியிலும் வைத்தேன், மைக்கிலும் வைத்தேன். எரியவில்லை. மறுபடி வைக்கச் சொன்னார். வைத்தேன். அப்படியும், பாடும்போது அவர் உதடு மைக்கிலிருந்து நான்கு விரல் தள்ளியே நின்றது. பக்கத்தில் வரும், பின்னால் போகும், ஒட்டவே இல்லை.

அதைக் கேட்டுவிட்டு அவர் அலுவலகத்தில் ஒருவர், குரல் ஏதோ பழைய இசைத்தட்டிலிருந்து வருகிற மாதிரி தள்ளிக் கேட்கிறதே, எப்படி எடுத்தீர்கள் என்று கேட்டாராம்.

"நீங்க என்னக்கா சொன்னிய?"

"கிட்ட போகப் பயமா இருந்துச்சுன்னு சொன்னேன். சிரிக்கான்."

இப்போதும் சனிக்கிழமைகளில் அக்கா கைப்பேசியை அணைக்கிறார். மூன்று அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது நான் டெஸ்டரோடு கீழே போகிறேன். எனக்கு வேலை நாளாக இருந்தால் அண்ணன் வைத்துப் பார்க்கிறார். இருவரும் இல்லாத சனிக்கிழமை அந்த அறை திறப்பதில்லை.