நைனாவின் கலீஜ் ஸ்லைடு

லேபில் நான் வாங்கிய முதல் திட்டு, ஒரு ஸ்லைடைக் குப்பையில் போட்டதற்காக. எழுபதுகளின் தொடக்கம். ராயபுரம் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் டெக்னீஷியனாகச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஆபரேஷனில் வெட்டியெடுத்த துண்டை மெழுகில் பதித்து, வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டிச் சாயம் ஏற்ற வேண்டும். அன்று வந்தது பெருங்குடல் புற்றுக்கட்டி. அதன் ஓரமெங்கும் கருநீலப் புள்ளிகள் அப்பிக் கிடந்தன. சாயத்தை வடிகட்ட மறந்துவிட்டேன் என்று நினைத்து, "கலீஜா கீது டாக்டரம்மா, வேற போட்டுத் தரேன்" என்று தொட்டியில் வீசினேன்.

டாக்டரம்மா தானே குனிந்து அதைப் பொறுக்கி எடுத்தார். "அறிவிருக்கா உனக்கு? இது அழுக்கில்ல, லிம்போசைட், வெள்ளையணு. ரத்தத்துலேர்ந்து வெளிய வந்து கட்டியைச் சுத்தி வளைச்சு சண்டை போடுது. குடல் கேன்சர்ல இது இப்படி மொய்ச்சிருந்தா, அந்த ஆளு தாக்குப்பிடிக்க வாய்ப்பு அதிகம்." அதில் டி, பி என்று இரண்டு வகை இருப்பதாகப் புதுப் புத்தகங்களில் எழுதுகிறார்களாம். நம்முடைய சாயத்துக்கு இரண்டும் ஒரே நீலம்தான் என்றார். அன்றிலிருந்து லேபில் அப்படிப்பட்ட ஸ்லைடுக்குப் பெயரே கலீஜ் என்றாகிவிட்டது. கலீஜ் வந்தால் எங்களுக்குச் சந்தோஷம். லேபுக்கு வெளியே ஊர் முழுக்க அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் என்பது புத்தி கெட்ட எனக்கு மறந்தே போயிற்று.

என் நைனா துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டினார். வெளிக்குப் போகும்போது ஒரு வருஷமாக ரத்தம். "மெஷினாண்டயே குந்திகினு கீறேன்ல, சூடு" என்று மோரும் வெந்தயமுமாக ஓட்டினார். தினமும் குடல் துண்டுகளைச் சீவுகிற நானும் அதை நம்பினேனே, அந்த ஆத்திரம் இன்னும் எனக்கு அடங்கவில்லை. கடைசியில் வேலையில் மயங்கி விழுந்து, ஆபரேஷன் ஆகி, அவருடைய துண்டு என் மேசைக்கே வந்தது. வேறு யாரும் தொடக்கூடாது என்று நானே சீவினேன். நானே சாயம் ஏற்றினேன்.

லென்சில் பார்த்தால் ஓரமெல்லாம் நீலம். அத்தனை நெருக்கமாக நான் அதுவரை பார்த்ததில்லை. அழுகையும் சிரிப்புமாக வார்டுக்கு ஓடி, வராந்தாவில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம், "ம்மா, நைனாவுக்கு உள்ள ஒரே கலீஜும்மா" என்று சொல்லிவிட்டு, டாக்டரம்மாவிடம் காட்ட வந்த வேகத்தில் திரும்பி ஓடினேன்.

சாயங்காலம் வார்டுக்குப் போனேன். கட்டிலருகே எங்கள் மாதா கோயில் சாமியார் எண்ணெய்ச் சிமிழோடு நின்றிருந்தார். அவஸ்தைப்பூசுதலுக்கு அம்மாதான் கூட்டி வந்திருந்தாள். சாகப்போகிறவர்களுக்குத்தான் அது என்று எங்கள் தெருவில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். நைனா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். கஞ்சி ஆறிக் கிடந்தது. மறுநாள் காலையிலும் அதே கதை.

"இன்னாத்துக்குக் கஞ்சி? உள்ள ஒரே கலீஜுன்னு நீதான சொன்ன?"

"ஐயோ நைனா, அது நல்ல கலீஜு."

"நல்ல கலீஜாம். யார்கிட்ட டபாய்க்கிற?"

அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். "நல்லா கீதுன்னு சொல்றதுக்கு இன்னாடி, வாயில கொழுக்கட்டையா?" அவள் கத்தியதில் தப்பே இல்லை. தைத்த வயிற்றோடு மனுஷன் பட்டினி கிடந்தால் புற்று வேண்டாம், பட்டினியே போதும். டாக்டரம்மாவின் காலில் விழாத குறையாகக் கேட்டு, நைனாவைத் தள்ளுநாற்காலியில் உட்காரவைத்து லேபுக்குக் கொண்டுவந்தோம்.

இன்று டி செல்லுக்கென்று தனிச் சாயம் இருக்கிறது. கட்டியின் ஓரத்தில் எத்தனை, உள்ளே எத்தனை என்று எண்ணியே சொல்கிறார்கள். அன்று எங்களிடம் இருந்தது கண் மட்டும். நைனா ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இந்த நீலமா கீறதெல்லாம்?"

"உன் ரத்தத்துல கீறவங்க நைனா. கட்டியோட சண்டை போட வந்தவங்க."

"இத்தினி பேரா?" நிமிராமலே கேட்டார். "ஒரு வருசமா நானே சூடுன்னு மோர் குடிச்சிகினு கெடந்தேன். இவங்களுக்கு யாரு சொன்னது?"

நான் டாக்டரம்மாவைப் பார்த்தேன். "அதுதான் எங்களுக்கும் தெரியல" என்றார் அவர். பிறகு, பொய் சொல்லத் தெரியாதவர், "வந்திருக்காங்க, அவ்வளவுதான். ஜெயிப்பாங்களான்னு இப்ப சொல்ல முடியாது" என்றும் சொன்னார். எனக்கு அவர் வாயைப் பொத்தலாம் போலிருந்தது.

நைனா லென்சிலிருந்து முகத்தை எடுத்தார்.

"ஜெயிக்கிறது அப்பால. நான் கூப்பிடவே இல்ல, வந்து நின்னுகீறாங்க. அவங்க சண்டை போட்டுகினு கீறப்போ நான் பட்டினி கெடந்தா நல்லாவா கீது?" என்றவர், கதவருகே நின்ற அம்மாவைப் பார்த்துக் கையை நீட்டினார். "கஞ்சிய எட்தா."