எண்ணெய் சொட்டாத பொட்டலம்

சின்ன காஞ்சிபுரத்தில் பெரியநாயகியின் இட்லிக் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. திருப்புட்குழியில் உழவர் வீட்டில் பிறந்து, தர்மனைக் கட்டிக்கொண்டு டவுனுக்கு வந்த நாளிலிருந்து அவள் குரல்தான் கடைக்குப் பலகை.

எழுபத்து நாலாம் வருஷம் தர்மன் ஒரு கட்டு பாலிதீன் தாள் வாங்கி வந்தான். "இலை வாட்டுற வேலை மிச்சம்டி" என்றான். அவளும் சந்தோஷமாக அதிலேயே இட்லி கட்டினாள், ஐப்பசி வரைக்கும். அடைமழையில் கடைக்கு எதிரே சாக்கடை அடைத்துக்கொண்டது. தண்ணீர் உள்ளே வந்து அடுப்பை அணைத்தது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவளே இறங்கி அள்ளினாள். வந்ததெல்லாம் அவள் கட்டிக் கொடுத்த தாள்கள். ஒன்றைப் பிரித்தால் உள்ளே சட்னி.

"அய்யய்யோ, நான் அரைச்ச சட்னியேதான்யா!" என்று தெருவுக்கே கேட்கும்படி சிரித்தாள். மிச்சமிருந்த தாளில் தர்மனுக்கு ஒரு மழைக்குல்லா தைத்துக் கொடுத்தாள். மறுநாளிலிருந்து பழையபடி வாழையிலை, வாழைநார். தின்றுவிட்டு எறிந்த இலையை மாடுகள் பார்த்துக்கொண்டன.

ஒரு மாதம் நல்லபடி போயிற்று. பிறகு ஒரு காலை, நெசவாளர் தெரு மாணிக்கவாசகம் கடைக்கு வந்து நின்றார். அந்தத் தெருவுக்குத் தினம் போகும் இருபத்திரண்டு பொட்டலமும் அவர் வார்த்தையில்தான் போகும். கடையில் பாதி வியாபாரம் அது.

"இன்னாமா, உன் இலையாலே என் சேலை பாழ். இட்லிப் பொடி எண்ணெய் சொட்டி, மாம்பழக் கலர் பட்டுல இத்தாம்பெரிய கறை இருக்குது. பாலிதீன்ல கட்டிக்குடு. இல்லேன்னா நாளையிலேர்ந்து எதிர் ஓட்டல்லதான் எங்களுக்கு டிபன்."

"நான் அப்பவே சொன்னேன்" என்றான் தர்மன், மாவாட்டிக்கொண்டே.

பாதி வியாபாரம் போய்விடுமே என்று பெரியநாயகி கணக்குப் போட்டாள். தாளுக்கே மாறிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. சாக்கடையில் முழங்கால் அளவு நின்றது நினைவுக்கு வந்ததும், ஒரு பொட்டலத்தைக் கையில் எடுத்தாள். பின்கட்டுப் பெட்டியிலிருந்த தன் கல்யாணப் பட்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு மாணிக்கவாசகத்தின் பின்னாலேயே நடந்தாள். அவளிடம் இருந்த பட்டு அது ஒன்றுதான்.

அவர் வீட்டுத் தறிக்குப் பக்கத்தில் சேலையை விரித்துப் பொட்டலத்தை அதன் மேல் கவிழ்த்து வைத்தாள்.

"அய்யோ, கல்யாணப் பட்டும்மா அது!" என்று ஓடி வந்தாள் அவர் மனைவி இந்திராணி.

"இருக்கட்டும்க்கா. சொட்டினா என் சேலை போவட்டும், நாளைக்கே தாளுக்கு மாறிடறேன். அண்ணா, நீங்க பாட்டுக்கு நெய்ங்க."

அவர் நெய்தார். தெருவே வந்து எட்டிப் பார்த்தது. அரைமணி கழித்து இந்திராணி பொட்டலத்தை எடுத்துவிட்டுச் சேலையை வெளிச்சத்தில் பிடித்தாள். பொட்டுக் கறை இல்லை.

"அப்போ என் பட்டுல மட்டும் எப்படி வந்தது?" என்றார் மாணிக்கவாசகம்.

இந்திராணி, தறியில் குறுக்கு நூலை இழுத்து ஓடும் நாடாவை அவர் கையிலிருந்து வாங்கி மூக்கருகே கொண்டுபோனாள்.

"இட்லிப் பொடிப் பெருங்காயம் மணக்குது! தறியில உக்காந்துக்கினே துன்னீங்களா?"

"ரெண்டே ரெண்டு வாய்..."

"கை கழுவுனீங்களா?"

"துண்டுல தொடச்சேனே."

தெரு கொல்லென்று சிரித்தது. எண்ணெய்க் கையோடு நாடாவைத் தொட்டான் என்று போன மாதம்தான் கூடவேலை செய்யும் தணிகாசலத்தை அவர் திட்டித் தீர்த்திருந்தார். தணிகாசலம்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

"சரிம்மா, இலையிலேயே கட்டு" என்றார் மாணிக்கவாசகம், சேலையை மடிக்கும் பெரியநாயகியைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

மறுநாள் அவருடைய பொட்டலத்தை இந்திராணி வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டாள். கிணற்றடியில் உட்கார்ந்து தின்று, சீயக்காய் போட்டுக் கழுவிய கையை அவள் மூக்குக்கு நேரே நீட்டிக் காட்டிய பிறகுதான் அவரைத் தறிக்குழியில் இறங்க விட்டாள்.