படம் அனுப்பினால் போதும்

பேருந்து நிலையத்தின் விசாரணை அறையில் உட்கார்ந்து ஒலிபெருக்கியில் அறிவிப்பு சொல்கிறவளுக்கு அங்கே எல்லாரும் வைத்த பெயர் ரேடியோ அக்கா. பொருத்தமான பெயர்தான். ஒரே ஒரு குறை, ரேடியோவை அணைக்க முடியும். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எது தாமதம், குடையைத் தொலைத்த மகராசன் யார், எல்லாம் அவள் வாயால்தான் வெளியே வரும். சும்மா சொல்லக்கூடாது, குரல் அப்படி. தூங்கி வழிகிற ஓட்டுநர்கூட அவள் கூப்பிட்டால் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார். வீட்டுக்குப் போனாலும் அந்த வாய்க்கு ஓய்வு கிடையாது. கணவருக்கு ரொட்டிக்கடையில் அடுப்பு வேலை. "ம்" என்ற ஒற்றை எழுத்தை வைத்துக்கொண்டே இத்தனை வருஷமாகக் குடும்பம் நடத்துகிற மனிதர் அவர்.

அப்படிப்பட்டவளுக்குப் பிறந்த ஒரே பிள்ளைக்குப் பேச்சு திக்கும். எல்லா வார்த்தையும் திக்காது. எது எப்போது மறிக்கும் என்று அவனுக்கே தெரியாது. மறிக்கிற நேரத்தில் தாடை இறுகும், கண் ஒரு பக்கமாகப் போய் நிற்கும். பெற்றவளால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? சட்டென்று வார்த்தையை எடுத்துக் கொடுத்துவிடுவாள். தண்ணீரா, பேனாவா, வாத்தியார் திட்டினாரா, தலைவலியா என்று அவள் கேட்க, பையன் தலையை ஆட்டுவான். எனக்குத் தெரியாததா என்று அவளுக்கு உள்ளூரப் பெருமை. பக்கத்து வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரைக்கும் அவனுக்காகப் பேசிப் பேசியே அவனைப் பதினாறு வயது வரைக்கும் கொண்டுவந்துவிட்டாள்.

வெளிநாட்டில் ஒரு குடும்பத்தோடு ஒரு வருடம் தங்கிப் படிக்கிற வாய்ப்பு அவன் பள்ளிக்கு வந்தது. அது அவனுக்கே கிடைத்தது. அன்றைக்கு அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒலிபெருக்கியிலேயே சொல்லியிருப்பாள், மேலாளர் ஓடி வந்து தடுத்துவிட்டார். இரண்டு நாள் போனது. மூன்றாம் நாள் சோறு இறங்கவில்லை. பையன் போனில் பேச மாட்டான். பக்கத்து அறையிலிருந்துகூட எழுதித்தான் அனுப்புவான், அதுவும் இரண்டு சொல். அங்கே போய் ஒரு வருடம் என்ன செய்வான்? சாப்பிட்டானா, அழுதானா என்று இவளுக்கு எப்படித் தெரியும்? வார்த்தை மாட்டிக்கொண்டால் அங்கே யார் எடுத்துக் கொடுப்பார்கள்?

யோசித்து யோசித்து அவள் கண்டுபிடித்த வழிதான் கேமரா. அவன் கையிலிருந்தது அப்பா வைத்திருந்து கழித்த பழைய போன். படம் புகைக்குள்ளிருந்து எடுத்த மாதிரி இருக்கும், சத்தம் கரகரவென்று வரும். நல்ல கேமராவாக ஒன்று வாங்கிக் கொடுத்தால் பிள்ளை ஆசையாகப் படம் எடுப்பான், அனுப்புவான். தங்கியிருக்கிற அறை, தட்டில் இருக்கிற சாப்பாடு, கூடப் படிக்கிற பிள்ளைகள். பேச்சே தேவையில்லை. இந்த யோசனை வந்த ராத்திரிதான் அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

அதற்குப் பிறகு விசாரணை ஜன்னலில் யார் கழுத்தில் கேமரா தொங்கினாலும் தொலைந்தார்கள். வண்டி நேரம் கேட்க வந்தவரிடம் இவள் விசாரணையை ஆரம்பித்துவிடுவாள். கனமா, எளிதா, மழையில் நனையலாமா, இருட்டில் படம் விழுமா? பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் கத்துவார்கள். ஒருவர் தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டுகிற லென்ஸ்தான் முக்கியம் என்றார். ஒரு அம்மாள், கீழே விழுந்தாலும் உடையாததாகப் பாருங்கள், பையன்கள் கை அப்படி என்றாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்து வீட்டில் கணவரிடம் ஒப்பித்தாள். அன்றைக்கு அதிசயமாக அவர் "ம்"முக்கு மேல் இரண்டு வார்த்தை பேசினார்.

"அவனையே கேளேன்."

இவரிடம் போய்ச் சொன்னேனே என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பையனை இழுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனாள். கண்ணாடி அலமாரிகள் நிறைந்த குறுகலான கடை. விற்பனையாளர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்த ஒல்லி மனிதர். தம்பி என்ன மாதிரி படம் எடுப்பீர்கள் என்று பையனைப் பார்த்துக் கேட்டார். பையன் வாயைத் திறந்தான். இவள் சொல்லி முடித்துவிட்டாள்: எல்லாம் எடுப்பான், அறை, சாப்பாடு, தெரு. அவர் ஒரு கேமராவைப் பையன் கையில் கொடுத்து, பிடிக்க வாகாக இருக்கிறதா என்றார். வாகாகத்தான் இருக்கும், இன்னும் கொஞ்சம் சின்னதாகக் காட்டுங்கள் என்றாள் இவள். மனிதர் பொறுமைசாலி. மூன்றாவது தடவையும் பையன் பக்கமாகவே திரும்பி நின்றார். அப்போதுதான் அவள் பல வருஷப் பழக்கத்தில் அதைச் சொன்னாள்.

"அவனுக்குக் கொஞ்சம் கூச்சம்ங்க."

பையன் கேமராவை மெதுவாகக் கண்ணாடி மேசைமேல் வைத்தான். கடையை விட்டு வெளியே போய்விட்டான்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பின்னாலேயே ஓடினாள். நிறுத்தி வைத்திருந்த ஸ்கூட்டர்களுக்கு நடுவே அவன் நின்றிருந்தான்.

"எதுக்கும்மா கேமரா?"

அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. இதைச் சொல்லத்தானே ஆசையாகக் காத்திருந்தாள்.

"அங்க போய்ப் பேசணும்னு நீ கஷ்டப்பட வேணாம் கண்ணா. தினம் ரெண்டு படம் அனுப்பினா போதும். நான் பாத்துப் புரிஞ்சுக்குவேன்."

அவன் முகம் செத்துப்போனது. ஏதோ சொல்ல வந்தான், வார்த்தை மாட்டிக்கொண்டது. கேமரா வேண்டாமா, சரி, வேறு ஏதாவது வாங்கலாம் என்று இவள் எடுத்துக் கொடுத்தாள். பையன் தலையை ஆட்டவில்லை. கையை உயர்த்தி அவளை நிறுத்தினான். இந்தப் பதினாறு வருஷத்தில் அவன் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. பிறகு அந்த வார்த்தையோடு மல்லுக்கட்டினான். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு வருஷம் நான் பேசாம இருந்தா, உனக்குப் பரவாயில்லையாம்மா?"

அதோடு அவன் விடவில்லை. நின்று நின்று, மூச்சு வாங்கி வாங்கி மீதியையும் சொன்னான்.

"நீ சொல்லி முடிக்கறது, பாதி நேரம் நான் சொல்ல வந்ததே இல்ல."

"அப்புறம் ஏன்டா தலைய ஆட்டின?"

"கண்டுபிடிச்சிட்டேன்னு உன் முகம் அவ்வளவு சந்தோஷமா இருக்கும்."

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஊருக்கெல்லாம் வழி சொல்கிறவள் பட்டப்பகலில், நடுத்தெருவில், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இத்தனை வருஷமாகப் பிள்ளையின் கஷ்டத்தை நான் சுமக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தாளே, அவனல்லவா இவளைச் சுமந்திருக்கிறான். பையன் பதறிப்போனான். அவள் தோளில் கை வைத்து, கேமரா வேண்டும்தான் என்றான். படத்துக்காக இல்லையாம். அதன் முன்னால் உட்கார்ந்து பேசிப் பதிவு செய்து அனுப்பப் போகிறானாம். போனில் பேசினால் அம்மா நடுவில் புகுந்துவிடுவாள், பதிவு செய்து அனுப்பினால் புகவே முடியாதாம். அழுதுகொண்டிருந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படவா, ரொம்ப நாளாக யோசித்து வைத்திருக்கிறான்.

மறுபடி உள்ளே போனார்கள். இந்தத் தடவை பையனே கேட்டான்.

"அண்ணா, பேசறது தெளிவா பதியுமா?"

அந்த ஒரு வரிக்கு ரொம்ப நேரம் பிடித்தது. விற்பனையாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே முழுசாகக் கேட்டார். அவள் அலமாரியில் தொங்கிய தோல்வார்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்தாள். அவர் உள்ளேயிருந்து வேறொரு கேமராவைக் கொண்டுவந்தார். அதன் திரையைப் பேசுகிறவர் பக்கமாகத் திருப்பிவைக்கலாம். கனம் கொஞ்சம் கூடுதல்தான், பேச்சுக்கு இதுதான் நல்லது என்றார். மேசைமேல் நிறுத்திப் பொத்தானை அழுத்திவிட்டு, எதையாவது பேசிப் பாருங்கள் தம்பி என்று ஒதுங்கிக்கொண்டார்.

பையன் திரையில் தன் முகத்தைப் பார்த்துத் தலைமுடியைச் சரிசெய்தான். தொண்டையைச் செருமினான். முதல் வார்த்தையிலேயே தாடை இறுகியது. நன்றாக வந்து சேர்ந்தேன் என்று சொல்லப் போகிறானா, சாப்பிட்டேன் என்று சொல்லப் போகிறானா? அவள் நெஞ்சுக்குள் எல்லா வார்த்தைகளும் முண்டியடித்தன.

"அம்மா, எனக்கு அவிச்ச முட்டை பிடிக்காது."

விற்பனையாளர் களுக்கென்று சிரித்துவிட்டார். அவளுக்கு முகத்தில் ஈயாடவில்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து தினமும் காலையில், காய்ச்சல் வந்த நாளில்கூட, பிள்ளைக்குப் பிடிக்குமே என்று தோலுரித்து, உப்பு தூவி, பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட வைத்த முட்டை. என்றைக்கோ ஒருநாள் அவன் ஏதோ கேட்க வந்து திணறியபோது முட்டையா என்று எடுத்துக் கொடுத்தவள் அவள்தான்.

ஐயோ, இத்தனை வருஷமா ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்று கேட்க வாயைத் திறந்தாள். கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பையனின் கண் ஒரு பக்கமாகப் போய் நின்றிருந்தது. அடுத்த வார்த்தைக்கு அவன் முயன்றுகொண்டிருந்தான். அவள் வாயை மூடிக்கொண்டு, பக்கத்திலிருந்த முக்காலியை ஓசைப்படாமல் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.