ரின்மீன் எடுக்காத கடை

நான் வான் வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டுபோய்க் கடைகளுக்குப் போடுகிறவன். பெயர் யோகராசா, ஊர் முருங்கன். வாயால் பிழைக்கிற தொழில். பல்லில்லாத கிழவருக்கும் பற்பசை விற்றவன் என்று பெருமையடித்துத் திரிந்த நான், மன்னாருக்குப் பக்கத்து வங்காலையில் ஒரு மனுசியிடம் மூக்குடைபட்டேன். அந்த மார்த்தா அக்காவின் கதைதான் இது. தோற்றவன் கூட்டிக் குறைத்துச் சொல்வான் என்று நினைக்காதீர்கள். தோற்றவனுக்குத்தான் எல்லாம் நன்றாக ஞாபகமிருக்கும்.

உள்நாட்டுச் சண்டைக்கு முந்தி அவ கடைக்காரி இல்லை. கணவர் பஸ்ரியன் கடலுக்குப் போவார், இவ வீட்டைப் பார்ப்பா. சாமான் வாங்கக் கூட்டுறவுச் சங்கக்கடைக்குப் போவா. அப்போது அரிசியும் சீனியும் சாக்கிலிருந்து அள்ளி நிறுப்பார்கள், தேங்காயெண்ணெய்க்கு நாங்கள்தான் போத்தல் கொண்டுபோக வேண்டும். பிறகு சண்டை, ஓட்டம், முகாம். முகாமில் பஸ்ரியன் காய்ச்சலில் செத்துப்போனார். பிள்ளை குட்டி இல்லை. 2010இல் தனியாக ஊருக்கு வந்து, மீள்குடியேற்றத்துக்குக் கொடுத்த தகரத்தில் ஆறு தகரத்தை எடுத்து ஒரு கடை போட்டா. அந்தக் கடைதான் அவவுக்குச் சோறு.

நான் புதன்கிழமைகளில் போவேன். அக்கா பழைய சாமானைக் கட்டிக்கொண்டு அழுகிற ஆள் இல்லை. நூடில்ஸ், சோயாமீற், ஒரு தலைக்கு மட்டும் காணும் சம்போ பக்கற் எல்லாம் எடுப்பா, மாலை மாலையாகத் தொங்கவிடுவா. தகரப் பேணியில் அடைத்து வரும் ரின்மீனை மட்டும் தொடமாட்டா. ஏனென்று முதல்நாளே கேட்டேன்.

"கொல்லன் தெருவில ஊசி விக்க வந்தனீரோ?" என்றா.

பார்க்கப்போனால் ஊசி நன்றாக விலைபோன தெரு அது. விடியப்புறம் படகு கரைக்கு வந்ததும் கொழும்பு லொறிகள் மீனைப் பெட்டி பெட்டியாக ஐஸ் போட்டு ஏற்றிக்கொண்டு போய்விடும். கால் கிலோ வேண்டுமென்று கரையில் நிற்கிற பெண்களை லொறிக்காரன் திரும்பியும் பார்க்கமாட்டான். கணவன் பிடித்த மீன் கொழும்புப் பாதையில் மதவாச்சியைத் தாண்டும் நேரத்தில், மனைவி சந்திக் கடையில் ரின்மீன் வாங்கிக்கொண்டிருப்பா. எந்தக் கடலில் பிடித்ததோ, எந்த நாட்டில் அடைத்ததோ! எனக்கென்ன, எனக்கு வியாபாரம் நடந்தது.

2013இல் பிள்ளைகளுக்குக் கரைத்துக் கொடுக்கிற பால்மாவுக்குத் தட்டுப்பாடு வந்தது. எங்கள் கொம்பனி இதுதான் தருணமென்று ஒரு சட்டம் போட்டது. பால்மா வேண்டுமென்றால் பட்டியலிலுள்ள எல்லாச் சாமானும் எடுக்க வேண்டும், ரின்மீன் உட்பட. மற்றக் கடைக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டு எடுத்தார்கள். மார்த்தா அக்கா மாட்டேன் என்றா.

"அக்கா, பால்மா இல்லையெண்டால் பிள்ளைக்காரர் எல்லாரும் சந்திக் கடைக்குப் போயிடுவினம். போனால் அரிசி பருப்பையும் அங்கதானே வாங்குவினம்? உங்கட கடையைப் பூட்டவேண்டியதுதான். பால்குடிப் பிள்ளையளையும் ஒருக்கா நினைச்சுப் பாருங்கோ" என்றேன்.

"ஆடு நனையுதெண்டு ஓநாய் அழுததாம்" என்றா. பிறகு என்னைக் கதிரையில் இருக்கச் சொன்னா. தான் நின்றபடியே கதைத்தா.

"உமக்குச் சொல்லத்தான் வேணும். முகாமில அவர் காய்ச்சலில கிடந்தவர். மீன்சொதி வேணுமெண்டு கேட்டார். நிவாரணத்துக்குக் குடுத்த ரின்னை உடைச்சு, மூண்டுதரம் கழுவி, தேங்காய் இல்லாமல் பால்மாவைக் கரைச்சு விட்டு ஒரு சொதி வச்சுக் குடுத்தன். ஒரு வாய் வச்சிட்டு என்னைப் பாத்தார். 'மார்த்தா, இது என்ன மீன்?' எண்டு கேட்டார். முப்பது வருசம் கடலுக்குப் போன மனுசன், தம்பி. வலையை இழுக்கேக்கயே என்ன மீனெண்டு சொல்லுவார். நாலாம் நாள் போயிட்டார்."

அவ அழவில்லை. கோபமாகத்தான் நின்றா.

"அங்க வேற வழியில்லாமல் திண்டம். இப்ப ஊருக்கு வந்திட்டம். இஞ்சயும் அதைத்தான் தின்னவேணுமெண்டால் என்னத்துக்கு வந்தனாங்கள்?"

வெட்கமாக இருந்தது. ஆனாலும் வயிறு என்று ஒன்று இருக்கிறதே. "விளங்குதக்கா, ஆனா கொம்பனிச் சட்டம்..." என்று இழுத்தேன்.

"எடுத்தால் எல்லாம் எடுக்கவேணும், அதுதானே சட்டம்? அப்ப எல்லாத்தையும் விடுறன். சவர்க்காரம், பிஸ்கட் எல்லாம் திருப்பி ஏத்தும்."

விளையாட்டுக்குச் சொல்கிறா என்று நினைத்தேன். நான் இறக்கிவைத்த பெட்டிகளைத் தானே தூக்கிவந்து வானுக்குள் வைத்தா.

முதல் மூன்று கிழமை கடை ஈயோட்டியது. பக்கத்து வீட்டு நிறஞ்சலாகூடக் கைப்பிள்ளையோடு சந்திக் கடைக்குத்தான் போனாள். நான் வானை மெதுவாக்கிப் பார்த்துக்கொண்டு போவேன். இன்றைக்குக் கூப்பிடுவா, இந்தக் கிழமை கூப்பிடுவா என்று காத்திருந்தேன். அவ தலைநிமிர்ந்து என்னைப் பார்ப்பா, கூப்பிடமாட்டா.

நாலாம் கிழமை விடியப்புறம் அக்கா கரைக்குப் போனா. பஸ்ரியனோடு ஒரே படகில் போன அலெக்ஸாண்டரிடம், "லொறிக்காரன் தாற விலையை நானும் தாறன். ஒரு பெட்டி எனக்குப் போடுங்கோ" என்று கேட்டா. அவர் ஒரு பெட்டி சூடை மீன் போட்டார். அதை ஐஸில் வைத்துக் கடைக்குக் கொண்டுவந்து தராசைத் தூக்கினா. கால் கிலோ கேட்டால் கால் கிலோ, ஐந்து மீன் கேட்டால் ஐந்து மீன். பத்து மணிக்குப் பெட்டி காலி. மீன் வாங்க வந்தவர்கள் புளியும் மிளகாய்த்தூளும் அங்கேயே வாங்கினார்கள். பிறகு மூன்று படகுகள் மீன் போட்டன. மிஞ்சியதை உப்புப் போட்டுக் காயவைத்தா. சோளகக் காற்றில் படகு போகாத நாளுக்கு அந்தக் கருவாடு இருந்தது.

பால்மாவுக்கு என்ன செய்தா என்கிறீர்களா? செவ்வாய்க்கிழமைகளில் முதல் பஸ்ஸில் மன்னார் ரவுணுக்குப் போய், கடை கடையாக ஏறி ஒவ்வொரு பக்கற்றாக வாங்கிவந்து, வாங்கிய விலைக்கே கொடுத்தா. கைப்பிள்ளைக்காரிகளுக்கு மட்டும்தான். மற்றவர்கள் கேட்டால், "பனங்கட்டியைக் கடிச்சுக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடியுங்கோ, சாகமாட்டியள்" என்பா.

நிறஞ்சலா திரும்பி வந்தபோது நானும் அங்கே மீன் வாங்க நின்றேன்.

"கோவமோ, மாமி?"

"கோவம் உன்னோட இல்லையடி. எவ்வளவு மீன் வேணும்?"

கதை கரையோரம் பரவியது. இன்னும் மூன்று கடைக்காரர்கள் எங்கள் பட்டியலைத் திருப்பித் தந்தார்கள். என்னுடைய மாத இலக்கு கவிழ்ந்தது. கடைசியில் கொம்பனி இறங்கிவந்தது. ரின்மீன் இல்லாமலே பால்மா கொடுக்கலாம். ஆனால் ஏன் வேண்டாமென்று கடைக்காரரிடம் கேட்டு ஒரு படிவம் நிரப்ப வேண்டும்.

அடுத்த புதன் பால்மாப் பெட்டியை இறக்கிவிட்டுப் படிவத்தை நீட்டினேன். அக்காவின் கையெல்லாம் மீன் செதில்.

"நீரே வாசியும், தம்பி."

"விலை கூட, வைக்க இடமில்லை, சனம் கேக்கிறேல்லை, வேறு காரணம். எதுக்குப் புள்ளடி போடுறது?"

"வேறு காரணம்."

"அதுக்குக் கீழ என்ன எழுத?"

தராசிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னா:

"எங்களுக்குக் கடல் இருக்கெண்டு எழுதும்."

அப்படியே எழுதினேன். கடைக்காரர் ஒப்பமிட வேண்டிய இடத்தில் அவ ஈரக்கையால் போட்டா. அதற்குக் கீழே, யாரும் கேட்காமலே, நானும் என் பெயரை எழுதி ஒப்பம் வைத்தேன்.