யானையைப் பார்க்காத மனிதர்

எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் மலை தெரியும். மழை விட்ட காலைகளில் வாவிக்கு அப்பால், வயல்களுக்கும் அப்பால், மேற்கே நீலமாக ஒரு கோடு கிடக்கும். அதை மேகம் என்று சொன்ன பிள்ளைகளோடு நான் சண்டை பிடித்திருக்கிறேன். ஆகவே ஒருநாள் அப்பா, "மலை பாக்கப் போறம், கல்லோயாக் காட்டுக்கு" என்று சொன்னபோது, அந்தப் பயணம் எனக்காகத்தான் என்று கொஞ்சமும் சந்தேகமில்லாமல் நம்பினேன்.

அது சித்திக்காக. அம்மாவின் தங்கையான அவளை முன்பு ஒருவர் வீட்டுக்கு வந்து பார்த்து, பலகாரமும் தின்றுவிட்டு, வேண்டாம் என்று போயிருந்தார். ஊர் அதை வெகுகாலம் மென்றது. இனி யாரும் என்னை வீட்டில் வந்து பார்க்கக் கூடாது என்று சித்தி சொல்லிவிட்டாள். அதனால் இரண்டு குடும்பமும் ஒரே நாளில், தற்செயலாக, ஒரே காட்டைப் பார்க்கப் போவதென்று பெரியவர்கள் ஏற்பாடு செய்தார்கள். பிடிக்காவிட்டால் யாரும் யாரையும் பார்க்க வரவில்லை. எல்லாரும் யானை பார்க்க வந்தவர்கள்.

மாப்பிள்ளை வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வயலும் மாடும் உள்ளவர். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் ஆண்தான் பெண்ணின் வீட்டுக்கு வந்து வாழ்வான். சித்திக்கென்று வைத்திருந்த வீடோ வாவிக் கரையில் இருந்தது. மாரியில் தண்ணீர் முற்றத்துக்கே வந்துவிடும். சித்தி தோணி வலிப்பாள், வலை இழுப்பாள், எங்களுக்கு நீந்தப் பழக்கியவளும் அவள்தான்.

எங்கள் வான் வண்டி அம்பாறையைத் தாண்டியதும் மலைகள் கிட்ட வந்தன. எனக்குக் கோபம் வந்தது. அவை நீலமாக இல்லை. மரமும் கரும்பாறையுமாக, எங்கள் ஊர் எருமைகள் படுத்துக் கிடப்பதுபோலக் கிடந்தன.

காட்டுக்குள் இருந்த பெரிய குளத்தில் படகு ஏறும் இடத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர், தன் அக்காவோடு நின்றார்.

"அட! நீங்களும் வந்தீங்களா?" என்று அப்பா அக்கரைக்கே கேட்கும்படி கத்தினார். அம்மா அவரை முழங்கையால் இடித்தாள்.

எல்லாரும் படகில் ஏறினோம். அவர் மட்டும் செருப்பைக் கழற்றுவதும் போடுவதுமாக நின்றார்.

"ஏறன்டா, ஆக்கள் பாத்திட்டு இரிக்காங்க" என்றாள் அவருடைய அக்கா.

அவர் தண்ணீரைப் பார்த்தார். பிறகு படகின் முன்பக்கம் இருந்த சித்தியைப் பார்த்தார். ஏறினார். என் பக்கத்தில் வந்து இருந்து, "பிள்ளை விழுந்திருவான்" என்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

அந்தக் குளத்தைக் குளம் என்று சொல்லக் கூடாது. மலைகளுக்கு நடுவில் ஒரு கடலை ஊற்றி வைத்ததுபோல இருந்தது. முழுகிப்போன குன்றுகளின் உச்சிகள்தான் தீவுகளாம். தண்ணீருக்குள் நின்ற பட்ட மரங்களில் நீர்க்காகங்கள் செட்டையை விரித்துக் காயப் போட்டிருந்தன. மலைகள் தலைகீழாகத் தண்ணீரில் நின்றன. எங்கள் படகு அவற்றை உடைத்துக்கொண்டு போனது.

திடீரென்று படகுக்காரர் எஞ்சினை நிறுத்திக் கையைக் காட்டினார். முதலில் ஒரு தும்பிக்கை மட்டும், பாம்பு தலை தூக்கி நீந்துவதுபோல வந்தது. அதற்குப் பின்னால் பெரிய நெற்றி. அதன் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு இன்னொரு தும்பிக்கை, மிகச் சின்னது. எல்லாரும் ஒரே பக்கம் சாய, படகும் சாய்ந்தது. அவர் அப்படியே என் மேல் குனிந்து என்னை மூடிக்கொண்டார். என் கை நொந்தது. இப்படி ஒரு தைரியசாலியை நான் பார்த்ததில்லை என்று நினைத்தேன்.

தாயும் குட்டியும் தீவில் ஏறி, உடம்பெல்லாம் தண்ணீர் வழிய, பளபளத்துக்கொண்டு காட்டுக்குள் போயின. பிறகுதான் அவர் நிமிர்ந்தார்.

"அவன்ட கைய விடுங்க, பாவம்" என்றாள் சித்தி. அதுதான் அவள் அவரோடு பேசிய முதல் பேச்சு.

"விழுந்திருவான் எண்டுதான்…"

"அவன் தோணியில வளந்தவன்."

"நான் வளரல்ல" என்றார் அவர்.

சித்தி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "எத்தின யானை போச்சு?" என்று கேட்டாள்.

"ஒண்டு."

"ரெண்டு!" என்று நான் கத்தினேன். "குட்டியும் போச்சு மாமா! நீங்க கண்ண மூடித்து இரிந்தீங்களா?"

அவருடைய அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். அப்பா அவசரமாக மலைகளைக் காட்டி, அவை எவ்வளவு பழையவை என்று யாரும் கேட்காத விளக்கம் ஒன்றைத் தொடங்கினார்.

திரும்பி வரும்போது வானுக்குள் அம்மாதான் சித்தியிடம், "என்ன கா சொல்றாய்?" என்றாள்.

"தண்ணிக்குப் பயந்த மனிசன் அக்கா."

அம்மாவின் முகம் சுருங்கியது. "அப்ப ஒண்ணாவா, வேணாமா?"

சித்தி யன்னலுக்கு வெளியே பார்த்தாள். மலைகள் மறுபடியும் நீலமாகத் தொடங்கியிருந்தன.

"பயந்து பயந்தும் ஏறினாரே" என்றாள்.

அம்மா அப்பாவைப் பார்க்க, அப்பா இருக்கையில் சாய்ந்து பெரிதாக மூச்சு விட்டார். எனக்கு அந்த மனிதரை நினைக்கப் பாவமாக இருந்தது. அவ்வளவு தூரம் வந்தும் யானையை ஒழுங்காகப் பார்க்காமல் போகிறாரே! "மறுகா ஒருக்கா அவரையும் கூட்டித்துப் போவம். நான் நடுவில இருத்தி வெச்சுக் காட்டுறன்" என்றேன். வானே குலுங்கும்படி சிரித்தார்கள். நான் சரியாகத்தானே சொன்னேன் என்று எனக்குக் கோபம்.

சித்தப்பா இன்றைக்கும் அந்த வாவிக் கரை வீட்டில்தான் இருக்கிறார். அக்கரை வயலுக்குப் போக, தோணியில் ஏறாமல் பாலத்தைச் சுற்றித்தான் சைக்கிள் மிதிக்கிறார். மாரியில் முற்றத்துக்குத் தண்ணீர் வந்தால் சித்திதான் அவருடைய கையைப் பிடித்துப் படியிறக்குவாள்.

பயணம் போய் வந்த மறுநாள், என் மணிக்கட்டில் சிவந்து கிடந்த விரல் தடங்களைப் பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் காட்டினேன். யானை தும்பிக்கையால் பிடித்த இடம் என்று சொன்னேன். நம்பினார்கள். ஒரு மனிதர் அந்த அளவுக்கு இறுக்கிப் பிடிக்க என்ன நடந்திருக்க வேண்டும் என்று யாராவது கேட்டிருந்தால், படகு சாய்ந்தது என்பதற்கு மேல் எனக்கு எதுவும் சொல்லத் தெரிந்திருக்காது.