சாமை மெஷினோடு கோலியாட் வரை

1999 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, டெக்சஸில் நான் இருக்கும் சுகர் லேண்டிலிருந்து கோலியாட் பக்கமுள்ள ஒரு பண்ணைக்குப் போனோம். சுற்றிப் பார்க்க அல்ல, உமி நீக்க.

பென்னாகரத்தில் என் அக்காவும் அவள் சங்கத்துப் பெண்கள் பதினோரு பேரும் சாமை போடுகிறவர்கள். அரிசி மில்லில் கொடுத்தால் சாமை நொய்யாகிவிடும். அதனால் உமியோடு அடிமாட்டு விலைக்கு விற்றார்கள். "இந்த வருஷமும் இப்படின்னா மரவள்ளிக்கு மாறிடுவோம்டா" என்றாள் அக்கா. ஆயில் கம்பெனியில் பம்ப் டிசைன் பண்ணும் எனக்கு ரோஷம் வந்தது. எட்டு மாதம் கராஜில் கிடந்து, சூட்கேஸில் அடங்கும் மெஷின் ஒன்று செய்தேன். சுழலும் தட்டு தானியத்தைச் சுவரில் வீசியடிக்கும், உமி கழன்றுவிடும். மோட்டாரை மட்டும் தருமபுரியில் வாங்கிக்கொள்ள வேண்டும். அடுத்த சனிக்கிழமை சென்னை போகும் நண்பர் எடுத்துப்போக ஒப்புக்கொண்டிருந்தார். அதற்குள் நிஜத் தானியத்தில் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

காலை 6:10க்குக் கிளம்பினோம். ஃப்ரீவே 59-இல் நேராக 128 மைல், வார்ட்டனில் ஒரு காபி, 8:45க்குப் பண்ணை. பெட்ரோல் பதினான்கு டாலர். கூட வந்தவர் நிர்மலன், யாழ்ப்பாணத்துக்காரர், எலக்ட்ரிகல் இன்ஜினியர். சாமை இங்கே ஏது? பறவைத் தீனிக்காக, சாமையைப் போன்ற பனிவரகு போடும் விவசாயி ஒருவர், புதிதாக அறுத்ததில் இரண்டு வாளி தந்தார்.

மெஷினைப் போட்டோம். பத்தே நிமிடம், வாளி நிறைய முழு முழு அரிசி. நான் குதித்தேன். நிர்மலன் குனிந்து மோட்டார் தகட்டைப் படித்தார்.

"அறுபது சைக்கிள் எண்டு போட்டிருக்கு. ஊரில ஐம்பதெல்லே?"

அமெரிக்கக் கரண்ட் நொடிக்கு அறுபது சைக்கிள், இந்தியாவில் ஐம்பதுதான்; சைக்கிள் குறைந்தால் மோட்டார் வேகமும் குறையும். இங்கே நிமிடத்துக்கு 1725 சுற்று, ஊர் மோட்டாருக்கு 1440. அந்த வேகத்தில் பாதி உமி கழலாது. அமெரிக்கா வந்த ஒன்பது வருடத்தில், சுவரில் இருக்கும் பிளக்கையே உலகம் என்று நினைத்துவிட்டிருக்கிறேன்.

மோட்டார் பக்கத்து ஐந்து அங்குலப் புல்லியை ஆறு அங்குலமாக மாற்றினால் போதும், தட்டு பழைய வேகத்தில் சுற்றும். திரும்பும்போது அதைத்தான் பேசிக்கொண்டிருந்தேன். நிர்மலன் திடீரென்று, "எனக்குச் சண்டையால ஊருக்குப் போற பாதை பூட்டிக் கிடக்கு. உங்களுக்குத் திறந்துதானே இருக்கு, நீங்களே கொண்டு போங்கோவன்" என்றார்.

"கிரீன் கார்டு பெண்டிங்ல இருக்கு. இப்போ போனா திரும்ப உள்ளே விடுவாங்களோன்னு பயம், வந்துடட்டும்னு பார்க்கறேன்."

அவர் கை நீட்டி ரேடியோவைப் போட்டார்.

புல்லி மாற்றிய மெஷின் நண்பரோடு போனது, நான் போகவில்லை. பொங்கல் கழிந்து அக்கா போன் பண்ணினாள். "ஓடுதுடா! சாமைச் சோறு ஆக்கி எல்லாரும் சாப்பிட்டோம். நீ இருந்திருக்கலாம்." போனை வைத்தபின் கராஜில் போய் வெறும் மேஜையருகே நின்றேன்.

இதுபோல் ஊருக்கு மெஷின் செய்கிறவர்களுக்கு: மோட்டார் தகட்டை முதலில் படியுங்கள். பண்ணைக்குப் போவதானால் முன்பே போன் பண்ணுங்கள், அறுவடைக் காலத்தில் மட்டும் போங்கள். சல்லடை, ஸ்பேனர் மறக்க வேண்டாம். பேப்பர் ஒழுங்காக இருந்தால், பயத்தைச் சாக்காக்காமல் ஊருக்கும் நீங்களே கொண்டுபோங்கள்.

கிரீன் கார்டு 2001-இல் வந்தது. நான் போய் நின்றபோது சங்கத்துப் பெண்கள் அந்த மெஷினில் மூன்று மாற்றம் செய்திருந்தார்கள், எல்லாம் சரியான மாற்றங்கள். எதை எப்போது தொடக் கூடாது என்று அக்கா எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். பெருமையாகத்தான் இருந்தது. ஆனாலும் அது ஊரில் முதன்முதலில் ஓடிய அந்த நாள் எனக்கு இனி எங்கே கிடைக்கும்?