அண்ணன் கட்டிய சில்லு

மூன்று வருடங்களுக்கு முந்திய ஆடி மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பட்டிருப்புப் பாலத்தில் நடந்த சம்பவம் இது. இன்றும் அந்தப் பாலத்தில் ஏறினால் என் ஸ்கூட்டியின் வேகம் தானாகக் குறைந்துவிடும். பின்னால் வருகிறவர்கள் ஹோர்ன் அடித்துத் திட்டுவார்கள். திட்டட்டும்.

எங்கள் வீடு பழுகாமத்துக்குப் பக்கத்தில், வாவியின் மேற்குக் கரையில் இருக்கிறது. வீட்டில் அப்பா, தம்பி, தம்பியின் மனைவி, அவர்களுடைய சின்ன மகள், பிறகு தையல் மெஷினும் நானும். அம்மா நோயில் போய்விட்டார். எங்களுக்கு ஒரு அண்ணன் இருந்தார். ‘இருந்தார்’ என்று இங்கே எழுதிவிட்டேன், அப்பாவுக்கு முன்னால் அப்படிச் சொல்ல முடியாது. சண்டை நடந்த காலத்தில் ஒருநாள் வாவியைக் கடந்து டவுனுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. தேடாத முகாம் இல்லை, கேட்காத ஆள் இல்லை. மரணச் சான்றிதழ் எடுத்துவிடலாம் என்று சொல்ல வந்த கிராம சேவகரை அப்பா படியேற விடவில்லை.

அண்ணன் விட்டுப்போனது ஒரு பழைய ஜப்பான் மோட்டார் சைக்கிள். அண்ணன் ஊரில் கராஜ் வைத்திருந்தவர், அதைத் தானே பழுது பார்த்து ஓட்டினார். நாங்கள் இடம்பெயர்ந்தபோது அப்பா அதை வைக்கோல் போருக்குள் மறைத்துவிட்டு வந்தார். திரும்பி வந்து பார்த்தால் வீட்டுக்குக் கூரை இல்லை, சைக்கிள் இருந்தது. இடையில் மாரி வெள்ளம் வந்து வடிந்ததில் முன் சக்கரமும் பின் சக்கரமுமாகச் சில்லுகள் இரண்டும் பாதிவரை சேற்றில் புதைந்து கிடந்தன. அப்பா அதைக் கழுவித் துடைத்துக் கொட்டிலில் நிறுத்தினார். அதன் பிறகு ஒருவரையும் தொட விடவில்லை.

தம்பி கட்டாரிலிருந்து வந்தபோது ஒரு பைத்தியத்தையும் கூடவே கொண்டுவந்தான். பழைய மோட்டார் சைக்கிளைக் கழற்றி, தன் விருப்பத்துக்குத் திரும்பக் கட்டுகிற பைத்தியம். போனில் அதே வீடியோக்கள்தான், சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்திலும் போன். கொட்டிலில் நின்றதைக் கேட்டு அப்பாவை மாதக்கணக்கில் கெஞ்சினான். கடைசியில் அப்பா இறங்கி வந்தார். “அவன் வரக்குள்ள ஓடுற நிலையில இரிக்கட்டும்” என்றார். தம்பி என்னைப் பார்த்தான், நான் ஊசியில் நூல் கோக்கிற மாதிரிக் குனிந்துகொண்டேன்.

எஞ்சின் வேலை முடிந்தது. பெட்ரோல் தாங்கிக்குக் கருநீலம் அடித்தான். இருக்கையைத் தட்டையாக வெட்டி, உறையை என்னிடம் தைப்பித்தான். விளையாட்டுப்பிள்ளை என்று நான் நினைத்திருந்தவன் சில்லுக்கும் டயருக்கும் வந்ததும் ஆளே மாறிவிட்டான். “எஞ்சின் நிண்டா உருட்டிக்கொண்டு வரலாம் அக்கா. சில்லு போனா என்னத்தான் தூக்கிக்கொண்டு வரணும்” என்பான்.

டயர் இறக்குமதி நிறுத்தப்பட்டு, பழைய அளவுகள் எங்கும் கிடைக்காமல் கிடந்த நேரம் அது. ஒரு கடையில் ஓடாத டயர் ஒன்றை எடுத்துக் காட்டினார்கள். வார்ப்பிலிருந்து வந்த றப்பர் மயிர்கூட உதிராமல் நின்றது. நான் எடுக்கச் சொன்னேன். தம்பி அதன் பக்கச் சுவரில் அச்சடித்திருந்த நாலு இலக்கத்தைப் பார்த்தான். எந்த வாரம், எந்த வருடம் செய்தது என்று அதில் இருக்குமாம். பிறகு நகத்தால் அழுத்திப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். “ஓடாட்டியும் றப்பர் கிழடாகும் அக்கா” என்றான். அகலமான பின் டயர் போட்டால் பார்வையாக இருக்கும் என்ற ஆசை அவனுக்கு இருந்தது. இந்த றிம்முக்கு அந்த அகலம் பிடிக்காது என்று தெரிந்ததும் அதையும் விட்டுவிட்டான். அலைந்து அலைந்து, அளவும் வயதும் சரியான ஒரு சோடி புது டயரை எடுத்துவிட்டுத்தான் ஓய்ந்தான்.

டயரைப் பூட்டக் களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனோம். அப்பாவும் வந்தார். கராஜ்காரர் பழைய டயரைக் கழற்றிவிட்டு முன் சில்லைச் சுற்றவிட்டு, கம்பி இறுக்கும் சாவியால் அதன் ஆரக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டினார். நல்ல கம்பி கிண்ணென்று சத்தம் தரும். அந்தச் சில்லில் பாதிக் கம்பிகள் மரத்தில் தட்டின மாதிரிச் சத்தமே இல்லாமல் நின்றன. றிம்மின் உட்பக்கம் முழுக்கத் துரு. “இதில கொஞ்சக் கம்பி மோட்டார் சைக்கிள் கம்பியே இல்ல தம்பி. ஆரோ கையில கிடைச்சத வளைச்சுப் போட்டிரிக்காங்க. புது டயரப் போட்டு என்ன செய்ய? சில்லையே மாத்து” என்றார்.

அந்த ‘ஆரோ’ எங்கள் அண்ணன்தான். எங்கள் மேற்குக் கரையான படுவான்கரைக்குச் சாமான் ஒன்றும் வராத காலத்தில், கிடைத்த கம்பியை அளந்து வெட்டி, நுனியை வளைத்து, முற்றத்தில் உட்கார்ந்து அவர் சில்லுக் கட்டியதை நான் பார்த்திருக்கிறேன். அப்பா கராஜ்காரரின் கையிலிருந்து சில்லைப் பறித்துக்கொண்டார்.

“இது என்ட மகன் கட்டின சில்லு. இதில ஒரு கம்பிய வெட்டினா நான் செத்த மாதிரித்தான்.”

தம்பி விடவில்லை. வீட்டிலும் சண்டை தொடர்ந்தது. சில்லை முழுசாகவே கழற்றிச் சுவரில் மாட்டி வைக்கலாம், சைக்கிளுக்கு வேறு சில்லுப் போடலாம் என்று நல்ல வழி ஒன்றும் சொன்னான். அதற்கும் அப்பா முடியாது என்றார். ஏன் என்று கேட்டால் எழுந்து கொட்டிலுக்குப் போய்விடுவார். சாப்பிடுவதை நிறுத்திக்கொண்டார், தம்பியோடு பேச்சையும் நிறுத்திக்கொண்டார். கடைசியில் தோற்றது தம்பிதான். துருவைச் சுரண்டி, தளர்ந்த கம்பிகளை இறுக்கி, பழைய சில்லுக்கு மேல் புது டயரையும் டியூப்பையும் போட்டுக் கொண்டுவந்தான். “மெதுவா ஓடுவன்” என்றான். கறுப்பாக மினுங்கின அந்த டயர்களைப் பார்த்ததும் எனக்கும் பயம் விட்டுப்போயிற்று. வெளியில் புதிதாகத் தெரிந்தால் உள்ளே யார் பார்க்கப்போகிறார்கள்?

அந்த ஞாயிற்றுக்கிழமை களுதாவளைப் பிள்ளையார் கோயிலில் வாகனப் பூசை வைத்தோம். முன் சில்லுக்குக் கீழே எலுமிச்சம்பழத்தை அப்பாதான் தன் கையால் வைத்தார். தம்பி ஏறி நசுக்கினான். ஐயர் சிரித்துக்கொண்டு திருநீறு கொடுத்தார். வீட்டில் சமைக்க நின்ற தம்பியின் மனைவியைத் தவிர எல்லாரும் வந்திருந்தோம், எல்லாருக்கும் சந்தோசம். தம்பியின் மகள் தகப்பனோடுதான் வருவேன் என்று அழ ஆரம்பித்தாள். தம்பி அவளைத் தூக்கித் தாங்கியில் வைக்கப்போனான்.

“புள்ளய அதில ஏத்தாத!”

அப்பா போட்ட சத்தத்தில் கோயில் வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கிழவருக்கு வெயில் தலையில் ஏறிவிட்டது என்று நான் முணுமுணுத்துக்கொண்டு, பிள்ளையை என் ஸ்கூட்டியில் முன்னால் நிற்க வைத்தேன். அப்பா எனக்குப் பின்னால் ஏறினார். தம்பி எங்களுக்கு முன்னால் தனியாகப் போனான்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், பாலத்தின் நடுப்பகுதியில் சிலர் வீச்சுவலையோடு நின்றார்கள். எதிரே ஒரு மணல் லொறி வந்தது. தம்பி வேகமாக ஓட்டவில்லை, இதை நான் எந்தக் கோயிலிலும் சத்தியம் செய்வேன். மாடு ஒன்று ரோட்டின் நடுவே வர, அவன் பிரேக் பிடித்தான். முன் சில்லிலிருந்து படபடவென்று ஒரு சத்தம் வந்தது. சில்லு எட்டு மாதிரி மடங்கியது. தம்பி லொறியின் பக்கமாக விழுந்தான். லொறிக்காரர் தன்னால் முடிந்தமட்டும் லொறியை ஒடித்துத்தான் திருப்பினார், ஆனாலும் பின் சில்லு அவனுடைய வலது காலில் ஏறிவிட்டது.

நான் பிள்ளையின் முகத்தை என் வயிற்றோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன். வலை வீசியவர்களில் ஒருவர் தன் சாரத்தைக் கிழித்துக் காலை இறுக்கிக் கட்டினார். இன்னொருவர் ஓட்டோ ஒன்றை மறித்தார். அவர்களுடைய முகங்கள் எனக்கு ஞாபகமில்லை. தம்பி மயங்கவில்லை. “டயர் வெடிக்கல்லக்கா, டயர் நல்லாத்தான் இரிக்கி” என்று திரும்பத் திரும்பச் சொன்னான். உண்மைதான். மடங்கிக் கிடந்த சில்லில் அந்தப் புது டயர் காற்றுப் போகாமல் முழுசாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். சத்திரசிகிச்சை முடியும்வரை அப்பா வெளியில் போட்டிருந்த வாங்கில் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். தம்பியின் மனைவி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். அப்பா என்னிடம்தான் சொன்னார், ஆனால் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“அவன் எனக்குச் சொல்லிட்டுத்தான் போனவன் மகள். இந்தக் கம்பி நிக்காது அப்பா, டவுனில நல்ல கம்பி வாங்கிக்கொண்டு வாறன், நான் வந்து மாத்துறவரைக்கும் ஒருத்தரும் இதில ஏறாதீங்க எண்டவன். கம்பி வாங்கத்தான் அண்டைக்குப் போனவன்.”

கோயில் வாசலில் அவர் போட்ட சத்தம் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

“பேத்திக்குப் பயந்தீங்க. இவன் உங்கட மகன் இல்லையா?” என்று கேட்டேன். சத்தமாகவே கேட்டேன். நேர்ஸ் வந்து என்னை அடக்கினார்.

“அவன் வந்து மாத்துவான் எண்டிருந்தன்” என்றார் அப்பா. “வேற ஆரும் மாத்திட்டா, அவன் வாறத்துக்கு என்ன கிடக்கு? புது டயர் போட்டாச்சு, தாங்கும் எண்டு நம்பினன் மகள்.”

அவரை அடிக்கவேண்டும் போலவும் இருந்தது, கட்டிப்பிடிக்கவேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் நான் செய்யவில்லை. அதன் பிறகு நெடுநாள் அவருக்குச் சோறு போட்டுக் கொடுத்துவிட்டு உடனே தையல் மெஷினுக்குத் திரும்பிவிடுவேன்.

தம்பி ஊன்றுகோலில் நடக்கத் தொடங்கிய பிறகு ஒருநாள், அப்பா கொட்டிலில் கிடந்த முன் சில்லைத் தூக்கிவந்து அவன் முன்னால் போட்டார். கையில் கம்பி வெட்டுகிற குறடு இருந்தது. அதைத் தம்பியிடம் நீட்டினார்.

“நீ வெட்டு மகன்.”

தம்பி வாங்கவில்லை. “நீங்களே வெட்டுங்க அப்பா” என்றான். அவன் குரலில் கோபம் இருந்ததா இல்லையா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

அப்பா நிலத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வெட்டினார். துருப்பிடித்தவை தொட்டதும் விட்டன. சில மட்டும் லேசில் விடவில்லை, அவற்றுக்கு இரண்டு கையாலும் அழுத்தவேண்டி இருந்தது. கடைசிக் கம்பி விட்டதும் றிம் தனியாக உருண்டுபோய்ச் சுவரில் முட்டி விழுந்தது. அப்பா எழுந்து நேரே கிணற்றடிக்குப் போனார். உடுத்த சாரத்தோடு தலையில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார். சுடலைக்குப் போய்வந்தவர்கள் அப்படித்தான் குளிப்பார்கள். ஈரத்தோடு வாசலில் நின்று, உள்ளே வராமல், அண்ணனின் பெயரைச் சொல்லி அழுதார். அவ்வளவு வருடத்தில் எங்கள் வீட்டில் அண்ணனுக்காக ஒருவர் வாய்விட்டு அழுதது அன்றைக்குத்தான். தம்பி ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு போய் அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டான்.

காத்திருக்கிறவர்களைக் குறை சொல்ல எனக்கு இன்றும் வாய் வராது, ஏனென்றால் வாசல் படலைச் சத்தம் கேட்டால் நானும்தான் எட்டிப் பார்க்கிறேன். ஆனால் செயற்கைக் காலைப் பூட்டிக்கொண்டு தம்பி தினமும் அந்தப் படலையைத் திறந்து வெளியே போகும்போது, வராதவனுக்காக வைத்திருந்த இடத்தில் வந்து நின்ற இவனை நாங்கள் பார்க்காமல் விட்டோமே என்று, அவன் தெருவில் மறையும்வரை வாசலில் நின்று பார்க்கிறேன்.